இராமானுஜனின் இன்னொரு கணக்கு

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் நம் மன்றத்தில் ஒருவரும் இரார். பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே அவரைச் சந்தித்திருக்கிறோம். கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் கையுமாக அமர்ந்திருந்த ஏழை இளைஞர் கேம்பிரிட்ஜ் சென்று உலகப் புகழ் பெற்றார் என்ற அளவில் அவர் வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் அந்தத் திண்ணைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே கடல் மட்டுமா கிடந்தது? கல்லூரிச் சம்பளம் கிடந்தது. உபகாரச் சம்பளம் கிடந்தது. அதைப் பெறுவதற்கும் இழப்பதற்கும் ஆன விதிகள் கிடந்தன. அவற்றைக் கடக்க அவருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

நான் வணிகவியல் பயில்கிறவன். இராமானுஜனின் தேற்றங்களை விளக்க எனக்குத் தகுதி இல்லை. வரவு செலவுக் கணக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் நாட்களில், பெங்களூருக்குப் புதிதாக வந்து சேரும் நம் மாணவர்களுக்கு உபகாரச் சம்பள விண்ணப்பங்களை நிரப்ப உதவும் வேலையை நானும் நண்பர்கள் சிலரும் செய்து வருகிறோம். வருகிறவர் எல்லாரும் இரண்டே விஷயங்களைத்தான் கேட்பார்கள்: மொத்தம் எவ்வளவு ஆகும், உதவி பெறத் தமக்குத் தகுதி உண்டா. இராமானுஜன் வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த இரண்டு கேள்விகளே நின்றன என்பதை அவர் வரலாற்றைப் படித்தபோது கண்டேன். அந்தக் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தம் தாயைப் பெற்றவர்கள் வாழ்ந்த ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் ரூ.20. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி மாதம் ஐந்தோ பத்தோ கொண்டு வருவார். அதுவும் போதாமல், வெளியூரிலிருந்து வந்து கும்பகோணம் கல்லூரியில் படித்த மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு ஒரு சிறு தொகை பெற்றார்கள். இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. தங்கியிருந்த மாணவர்களின் கணிதப் பாடங்களைச் சிறுவன் இராமானுஜன் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டான். தரித்திரத்தின் பொருட்டு வீட்டுக்குள் வந்த விருந்தாளிகள் அவனுக்கு ஆசிரியர்களானார்கள்.

1897-ல் ஆரம்பக் கல்விப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினான். அதனால் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் அரைச் சம்பளம் கட்டிப் படிக்க அனுமதி கிடைத்தது. இதுவே அவர் பெற்ற முதல் உதவி. இருபது ரூபாய் வருமானக் குடும்பத்துக்கு அந்தப் பாதிச் சம்பளம் எத்தனை பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த உதவி எதன் பேரில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் ஏழை என்பதற்காக வரவில்லை. முதலாவதாக வந்தான் என்பதற்காக வந்தது.

1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி மிக்கவருக்கு அளிக்கப்படும் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. கல்லூரிச் சம்பளமோ ஒரு பருவத்துக்கு ரூ.32. அதாவது தந்தை ஒன்றரை மாதத்துக்கு மேல் உழைத்தால் கிடைக்கும் தொகை. உபகாரச் சம்பளம் இருக்கும்வரை கல்லூரிக் கதவு திறந்திருந்தது. அது நின்றால் கதவும் மூடிவிடும். இடையில் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை.

அது நின்றது. ஜி.எஸ். கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று சிறிது காலத்துக்கு முன் அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களும் தேற்றங்களும் அடங்கிய நூல் அது. அதில் மூழ்கியவர் மற்றப் பாடங்களைத் தொடவே இல்லை. ஆண்டு முடிவில் ஆங்கிலத்தில் தவறினார். மேல் வகுப்புக்கு ஏற்றப்படவில்லை. உபகாரச் சம்பளமும் போயிற்று. உதவி கொடுத்த விதியும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் சேர்த்தே கேட்டது. உதவியைப் பறித்த விதியும் அதையே கேட்டது.

இந்த இடத்தில் கல்லூரியைத் திட்டித் தீர்ப்பது நம்மவர் வழக்கம். என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. ஒருவருக்கு நிறுத்திய உபகாரச் சம்பளம் விதிப்படி தேறிய இன்னொரு மாணவருக்குப் போயிருக்கும். அவரும் ஏழையாக இருந்திருக்கலாம். விதி கண்மூடித்தனமானதுதான், ஆனால் அது எல்லாரிடத்தும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொண்டது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பரிசாகக் கொடுக்கும் பணம் ஒன்று. இல்லாதவர் படிப்பதற்காகக் கொடுக்கும் பணம் வேறொன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டு, ஒரே பரீட்சையின் முடிவில் கட்டிவைத்திருந்தார்கள். பரிசை இழப்பவனுக்குப் பெருமை போகும். படிப்புக்கான பணத்தை இழப்பவனுக்குப் படிப்பே போய்விடும்.

1905-ல் இராமானுஜன் வீட்டில் சொல்லாமல் கிளம்பி விசாகப்பட்டினம் சென்றார். தெலுங்கு நாட்டில் சில காலம் அலைந்து திரும்பி மறுபடியும் கல்லூரிக்குப் போனார். ஆனால் வராத நாட்கள் அதிகமாகிவிட்டபடியால், பரீட்சைக்கு வேண்டிய வருகைச் சான்று கிடைக்கவில்லை. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனிப்பட்ட முறையில் எஃப்.ஏ. பரீட்சை எழுதி அதிலும் தவறினார். அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிப் பார்த்தார். அதிலும் வரும்படி இல்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தன. 1909-ல் ஜானகியம்மாளை மணந்தார். கவலை இரட்டித்தது.

1910-ல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. ராமசாமி ஐயர் அங்கே டிப்டி கலெக்டராக இருந்தார். தாலுகா கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதுமென்பது இராமானுஜனின் வேண்டுகோள். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிய ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரைக் கச்சேரி மேசையில் உட்காரவைப்பது பாவம் என்று கருதி, சென்னையிலிருந்த பேராசிரியர் சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவர் மூலமாக நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் ரூ.25 அனுப்பலானார். இராமானுஜனுக்கு முறையான உபகாரச் சம்பளம் ஒன்று வாங்கித் தரவும் முயன்றார், பலிக்கவில்லை.

இந்த இருபத்தைந்து ரூபாயால் இராமானுஜனுக்கு ஓராண்டு மூச்சுவிட முடிந்தது. ஆனால் தனி மனிதர் தரும் உதவியில் ஒரு சுமை உண்டு. கொடுப்பவர் எத்தனை பெருந்தன்மை உடையவரானாலும், வாங்குபவர் மனம் மாதாமாதம் கூசும். யாருக்கும் நெடுநாள் பாரமாக இருக்க விரும்பாத இராமானுஜன் வேலை தேடத் தொடங்கினார். பொது நிறுவனம் விதிப்படி தரும் உபகாரச் சம்பளத்தின் அருமை இங்கேதான் விளங்குகிறது. அது உரிமையாக வருகிறது. அதை வாங்குவதற்குத் தலை குனிய வேண்டியதில்லை.

இந்தச் சமயத்தில் நம் பெங்களூருக்கும் அவர் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது. இந்தியக் கணிதக் கழகப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் எம்.டி. நாரணையங்கார், இங்கே சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அந்நாளில் அக்கல்லூரியும் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்ததே; மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916-ல்தான் தோன்றியது. பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுஜனின் முதல் கட்டுரை 1911-ல் அப்பத்திரிகையில் வெளிவந்தது. அதை அப்படியே அச்சுக்குக் கொடுக்க முடியவில்லை. இடையிலுள்ள படிகளைச் சொல்லாமல் முடிவுகளை மட்டும் அடுக்கும் பழக்கம் அவருக்கு. சாதாரண வாசகரால் தொடர இயலாது. நாரணையங்கார் அதைத் திருப்பியனுப்புவதும், இராமானுஜன் திருத்தியனுப்புவதுமாகப் பலமுறை நடந்தது. பட்டமில்லாத ஒருவரின் கட்டுரைதானே என்று அவர் குப்பைக் கூடையில் போட்டுவிடவில்லை. மைசூர் வங்கி வட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பேராசிரியரை நினைத்துக்கொள்கிறேன். ரூபாய் அணாவில் அடங்காத உதவி அது.

அக்கட்டுரை அச்சில் வந்ததால் இராமானுஜனுக்குக் கணித உலகில் ஒரு முகவரி கிடைத்தது. ஆனால் வயிறு காத்திருக்கவில்லை. 1912 தொடக்கத்தில் கணக்காயர் அலுவலகத்தில் ரூ.20 சம்பளத்தில் சில வாரம் வேலை பார்த்தார். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் ரூ.30 சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். தந்தை செய்த தொழில்தான். சம்பளம் பத்து ரூபாய் கூடுதல். ஆனால் அந்த அலுவலகத்தில் மானேஜராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர்; தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தம் குமாஸ்தாவின் மேதையை மதித்தவர். அவர்கள் ஊக்கத்தால் 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி வியந்து பதில் எழுதினார். அடுத்த மாதம் சென்னைக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் ஸ்பிரிங் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். இராமானுஜனுக்குக் கவலையற்ற சில ஆண்டுகளை அளிக்க வேண்டுமென்று வாக்கர் பல்கலைக் கழகத்துக்கு எழுதினார்.

அப்போது எழுந்ததுதான் தகுதிப் பிரச்சினை. கணிதப் பாடக் குழு மாதம் ரூ.75 வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் விதிப்படி அந்தச் சம்பளம் முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது. இவரோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர். சிண்டிகேட்டில் எதிர்ப்பு எழுந்தது. துணைவேந்தராக இருந்த நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர் அதற்கு ஒரு விடை கண்டார். பல்கலைக் கழகச் சட்டத்தின் முகவுரையை அவர் எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பட்டம் என்பது ஆராய்ச்சி செய்ய வல்லவரைக் கண்டறிய ஓர் அடையாளம். ஆராய்ச்சி கண்முன்னே கிடக்கும்போது அடையாளத்தைத் தேடுவானேன்? அரசின் இசைவும் பெறப்பட்டது. 1913 மே முதல் தேதியிலிருந்து இராமானுஜன் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆனார். மூன்று மாதத்துக்கொருமுறை தாம் செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அதை அவர் தவறாமல் நிறைவேற்றினார்.

இதை ஏதோ சலுகை என்று நினைத்தால் பிழையாகும். விதியை மீறாமல் விதியின் நோக்கத்தைப் படித்தார்கள். பணத்துக்குக் கணக்கும் கேட்டார்கள். எட்டாண்டுகளுக்கு முன்னும் இதே பல்கலைக் கழகத்தின் நிழலில்தான் அவர் உபகாரச் சம்பளத்தை இழந்தார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டாவது முறை அவருக்காகப் பேச வாக்கரும் ஹார்டியும் ஸ்பிரிங்கும் இருந்தார்கள் என்பதுதான். முதல் முறை ஒருவரும் இல்லை. பரிந்து பேச யாருமில்லாத மாணவர்கள் அன்றும் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள்.

1914-ல் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் நெவில் சென்னைக்கு வந்து, இராமானுஜனை இங்கிலாந்து செல்ல இணங்க வைத்தார். பல்கலைக் கழகம் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியது. ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம். கப்பல் செலவும் உடைச் செலவும் தனி. 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார். போகுமுன் ஓர் ஏற்பாடு செய்தார். தம் சம்பளத்திலிருந்து மாதம் ரூ.60 கும்பகோணத்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அது. தந்தையின் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு அது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுன் உதவித் தொகை அளித்தது. வழக்கமான முன்தகுதி இல்லாமலேயே ஆராய்ச்சி மாணவராக அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டு, 1916-ல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் பெற்றார். எஃப்.ஏ. தேறாதவர் பெற்ற பட்டம் அது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார்.

உடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 1917 முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பாலும் காலம் கழிந்தது. அந்நிலையில், 1919 ஏப்ரலிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக் கழகம் தெரிவித்தது. 1919 ஜனவரி 11-ஆம் நாள், லண்டன் பட்னியில் சிகிச்சையில் இருந்தவாறே, பதிவாளருக்கு இராமானுஜன் பதில் எழுதினார். இந்தத் தொகை தம் தேவைக்கு மேற்பட்டது என்று சொல்லி, அதைப் பங்கிட்டுக் கொடுத்தார். இங்கிலாந்துச் செலவு போக, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன். தம் அவசியச் செலவு போக மிஞ்சுவது கல்விக்கு. ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் அதைச் செலவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் நெகிழச் செய்தது இந்தக் கடிதமே. கணிதத்தில் முதலாவதாக வருகிறவனுக்குத் தங்கப் பதக்கம் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. முதலாவதாக வந்ததால் அரைச் சம்பளம் பெற்றவர், தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்தவர், தாம் கொடுக்கும் நிலைக்கு வந்தபோது யாரைக் குறிப்பிட்டார்? ஏழையை; பெற்றோர் இல்லாதவரை. பரீட்சை மதிப்பெண்ணை அவர் ஒரு தகுதியாகச் சொல்லவே இல்லை.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஐந்தாண்டு உபகாரச் சம்பளத்தில் ஓராண்டுதான் கடந்திருந்தது. ஜானகியம்மாளுக்குப் பல்கலைக் கழகம் மாதம் ரூ.20 ஓய்வூதியம் அளித்தது. கும்பகோணத்து ஜவுளிக் கடைக் குமாஸ்தா ஒருகாலத்தில் வாங்கிய அதே இருபது ரூபாய். அந்த அம்மையார் தையற்கலை கற்று, பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து, 1994 வரை தன்மானத்தோடு வாழ்ந்தார்.

நண்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து நமக்கு ஆக வேண்டிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, கட்டணம் வேறு, செலவு வேறு. கும்பகோணத்தில் வீட்டிலிருந்து படித்தபோது இராமானுஜனுக்குச் சம்பளம் ஒன்றே செலவு. சென்னைக்குப் போனதும் தங்கும் இடம், உணவு, மருந்து எல்லாம் செலவாயின. வேலூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ இங்கு வரும் மாணவரும், கல்லூரி அச்சிட்டுத் தரும் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தந்தையிடம் கணக்குச் சொல்லக் கூடாது. விடுதி, பரீட்சைக் கட்டணம், புத்தகம், பஸ், ஊருக்குப் போய்வரும் செலவு அனைத்தையும் ஓராண்டுக்குக் கூட்டிய பின்பே எவ்வளவு உதவி தேவை என்பது தெரியும்.

இரண்டாவது, உதவியைப் பெறுவது ஒரு வாசல். காப்பாற்றிக்கொள்வது இன்னொரு வாசல். மத்திய அரசு கல்லூரி மாணவர்க்கு வழங்கும் உபகாரச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். இளநிலைப் படிப்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000, முதுகலையில் ரூ.20,000. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முதல் இருபது விழுக்காட்டினருள் வந்திருக்க வேண்டும்; குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.4.5 லட்சத்துக்கு மேற்படக் கூடாது. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும் என்பது அடுத்த வரி. 1905-ல் இராமானுஜனை வீழ்த்தியவை இவ்விரண்டுமே: ஒரு பாடத்தின் மதிப்பெண், வருகைச் சான்று. ஒரு பாடத்தில் பின்தங்குகிறோம் என்று தெரிந்தால், ஆண்டு முடிவுவரை காத்திராமல் உடனே ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, எந்த மாநிலத்தின் வாசலைத் தட்டுவது என்பது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மெட்ரிக் பிற்பட்ட உபகாரச் சம்பளத்தைச் சொந்த மாநிலமே வழங்கும். படிக்கும் மாநிலம் அன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கர்நாடகத்திலேயே குடியிருப்பவர் இங்கே. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் ஊரிலிருந்து வர நாளாகும். ஆகவே கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே அவற்றுக்கு எழுதிப்போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பரிந்து பேச வாக்கரும் ஹார்டியும் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்கள். அந்த இடத்தில் சக மாணவர்களாகிய நாம்தான் நிற்க வேண்டும். ஆண்டு முடிவில் நம் பாடப் புத்தகங்களைப் பழைய கடையில் எடைக்குப் போடாமல் மன்றத்தில் சேர்த்து, அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு புத்தக நிதி தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன். பெறுகிறவரிடம் மதிப்பெண் பட்டியல் கேட்க வேண்டாம். தேவை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். நோய்ப் படுக்கையில் இருந்தபடி இராமானுஜன் எழுதிக் கொடுத்த கணக்கும் அதுதானே!